புல்லட்டுக்குக் கீழே ஓர் அட்டை

ஐப்பசி மாதத்துக் காலை. திருச்சியில் விடியும் முன்பே தூறல் ஆரம்பித்திருந்தது. பால்காரரின் மணிச் சத்தம் கேட்டு, சமையலறையிலிருந்து ஈரக்காலோடு வாசலுக்கு வந்தார் அந்த அம்மாள். போர்டிகோவில் நின்ற புல்லட்டைத் தாண்டும்போது கால் வழுக்கியது. விழும்போது வலது கையை ஊன்றிவிட்டார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார் டாக்டர்.

வழுக்கியது மழைத் தண்ணீர் இல்லை. வண்டிக்கு அடியில் சொட்டிக் கிடந்த இன்ஜின் ஆயில். போன வருடம்தான் பெங்களூரில் இருக்கும் மகன் பணம் அனுப்பி, சிமென்ட் தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போட்டிருந்தான். அந்தத் தரையில் எட்டணா அளவுக்கு எண்ணெய் இருந்தாலே போதும்.

"அப்பா, முதல்ல அந்த வண்டியைத் தள்ளிவிடுங்க. நான் ஸ்கூட்டர் வாங்கித் தரேன்" என்றான் மகன் போனில். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடக் கணவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை வாசல் தெளிக்கும் வேலை அவருக்கு வந்தது. ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தவர் திகைத்துப் போனார். வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய் தேங்கியிருந்தது.

"ராத்திரியிலே திடீர்னு லீக் அதிகமாயிடுச்சு போலிருக்கே" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

"தினமும் அவ்வளவுதாங்க" என்றார் மனைவி.

பத்து வருடமாக அப்படித்தானாம். விடிவதற்குள் அதன் மேல் மரத்தூளைப் போட்டு, அள்ளி, சோப்புத்தூள் கரைத்த தண்ணீரில் துடைத்துவிட்டுத்தான் கோலமே போடுவாராம். விழுந்த அன்றைக்குப் பால்காரர் கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டார், துடைக்க நேரமில்லை. காபி குடித்துவிட்டு ஏழு மணிக்கு வெளியே வருகிற கணவர் பார்த்ததெல்லாம் அதன் பிறகு விழுந்த ஒன்றிரண்டு சொட்டுகளை மட்டும்தான். 'நம்ம வண்டி பரவாயில்லை' என்று நண்பர்களிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே தினசரி காலண்டரில் ஆறு வாரம் தள்ளி ஒரு தேதியை வட்டமிட்டார். மாவுக்கட்டு பிரிக்கிற நாள். அதற்குள் தரை காய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி போக வேண்டும்.

போகட்டும் என்று நினைப்பதும் அவருக்கு எளிதாக இல்லை. தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து, சீட்டுப் பிடித்து, 1988-ல் வாங்கிய வண்டி. அடுத்த வருடம் கல்யாணம். மகனைப் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் இதில்தான். வலது காலில் கியர், இடது காலில் பிரேக் என்ற பழைய அமைப்பு. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வடிவம் அது. 1955-ல் அந்தக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து, ராணுவத்துக்காகச் சென்னையில் இந்த வண்டியை ஒன்றுசேர்க்கத் தொடங்கின. பிறகு இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் மட்டும் அதே வார்ப்பிரும்பு சிலிண்டர், அதே 346 சி.சி. இன்ஜின் பல பத்தாண்டுகளுக்குத் தொடர்ந்து வந்தது. அடிப்படை ரொம்ப எளிமையானது. பொறுமையும் சரியான ஸ்பேனரும் இருந்தால் வீட்டிலேயே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

அவரிடம் ஸ்பேனர் இருந்தது.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் வயதாகிப் பட்டறையை மூடிவிட்டார். வேறொருவரிடம் கேட்டபோது சிரித்தார்: "புல்லட்ல ஆயில் ஒழுகலைன்னா உள்ளே ஆயில் இல்லைன்னு அர்த்தம் சார்." இதே நகைச்சுவையை அவரே முப்பது வருடமாக டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வாரம், கண்ணில் பட்ட நட்டையெல்லாம் முறுக்கினார். ஒழுகினால் இறுக்கு என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம். இடது பக்கம் பிரைமரி செயின் இருக்கும் பெரிய மூடியை நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். எண்ணெயைத் தடுப்பது அந்த ரப்பர்தான். நட்டு மூடியை அதன் மேல் உட்காரவைத்தால் போதும். அவர் நீளமான குழாயை ஸ்பேனரில் மாட்டி முறுக்கினார். மூடி லேசாக வளைந்து ஓரம் தூக்கிக்கொண்டது. முன்பு கசிந்த இடம் இப்போது ஒழுகியது. மேலே ராக்கர் மூடியின் ஒரு நட்டையும் அதே வேகத்தில் முறுக்கினார். சிலிண்டர் ஹெட் அலுமினியம். மரை கழன்று, ஸ்டட் கையோடு வந்துவிட்டது.

இரண்டாவது வாரம் கம். டியூபிலிருந்து பிதுக்கி, கசிகிற மூட்டுகளின் மேலெல்லாம் பூசினார். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் கம் ஒட்டாது. வெளியே பூசினால் உள்ளிருந்து தள்ளிக்கொண்டு வருகிற எண்ணெய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை. மூட்டைப் பிரித்து உள்ளே அதிகமாகப் பூசினால் அதைவிட ஆபத்து. பிதுங்கிய கம் நூல்நூலாகப் பிய்ந்து, எண்ணெய் ஓடும் சின்னத் துவாரங்களை அடைத்துவிடும். நல்லவேளையாக அவர் பிரிக்கவில்லை. இரண்டு நாளில் கம் தோலாக உரிந்து விழுந்தது.

மூன்றாவது வாரம், கழுத்தில் கட்டிய தூளியில் கையைத் தொங்கவிட்டபடி மனைவி போர்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சமையல் வேலையும் கணவர் தலையில் விழுந்திருந்ததால் அந்த அம்மாளுக்கு முதல்முறையாகக் காலை நேரத்தில் ஓய்வு கிடைத்திருந்தது. அவர் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"எங்கேருந்து ஒழுகுதுன்னு பாத்தீங்களா?"

"இதோ, கீழே டிரெய்ன் நட்டுகிட்ட. அங்கேதானே சொட்டுது."

"எங்க வீட்டு ஓடு ஒழுகுமே, ஞாபகம் இருக்கா? தண்ணி கூடத்துல சொட்டும். உடைஞ்ச ஓடு கூடத்துக்கு மேலயா இருந்துச்சு? சமையல்கட்டு மேல உடைஞ்சு, சட்டத்துலயே ஓடி வந்து கூடத்துல விழும்."

அவர் எழுந்து நின்றார். இன்ஜினில் எண்ணெய் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆக, சொட்டுகிற இடம் எப்போதும் கடைசி இடம். முதல் இடம் அதற்கு மேலேயோ முன்னாலேயோ இருக்கும்.

அன்றைக்கு ஸ்பேனரைத் தொடவில்லை. இன்ஜின் ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடுக்காகப் பத்து வருடத்து அழுக்கை எடுத்தார். பனியன் வேஸ்டால் துடைத்துக் காயவிட்டார். மனைவி உள்ளே போய்க் கோகுல் சாண்டல் பவுடர் டப்பாவை எடுத்து வந்து நீட்டினார்.

"இதைத் தூவுங்க. எண்ணெய் பட்டா கறுக்கும்."

வெள்ளைவெளேரென்று பூசிய இன்ஜினைக் கேட்டுக்கு வெளியே தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்தார். பத்து நிமிடம். அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், வலது பக்கம் உச்சியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, சிலிண்டரின் தகடுகள் வழியாகப் படிப்படியாக இறங்கி, அடியில் டிரெய்ன் நட்டு வரைக்கும் வந்திருந்தது. இரண்டு வாரமாக அவர் முறுக்கிக்கொண்டிருந்த அந்த நட்டில் ஒரு குற்றமும் இல்லை.

கோடு தொடங்கிய இடம், ராக்கருக்கு எண்ணெய் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் மேல் மூட்டு. அந்த மூட்டில் போல்ட்டுக்கு இரு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். கழற்றிப் பார்த்தார். முழுசாகத்தான் இருந்தன. புதிது வாங்கக் கடைக்குக் கிளம்பியவரை மனைவி நிறுத்தினார்.

"செம்புதானே? சுட்டுப் போடுங்க. இறுகிப் போயிருக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எங்கப்பாவுக்கு என்ன தொழில்?"

கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை. அது அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வந்த செம்புக் குடங்களும் தவலையும் இன்னும் பரணில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டறையில் என்ன நடக்கும் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. மனைவி சொன்னார். தகட்டைச் சுத்தியலால் அடிக்க அடிக்கச் செம்பு இறுகிக்கொண்டே போகும். மேலும் அடித்தால் வெடித்துவிடும். அதனால் நடுநடுவே உலையில் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவார்கள். ஆறியதும் மறுபடி வெண்ணெய் மாதிரி வளைந்து கொடுக்கும். இரும்பைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் கெட்டிப்படும், செம்பு இளகும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துருத்திப் பக்கத்தில் உட்கார்ந்து, நிறம் பார்த்துச் சொல்வது அந்தச் சிறுமியின் வேலையாக இருந்திருக்கிறது.

வாஷரும் அப்படித்தான். முறுக்கி முறுக்கி நசுங்கி இறுகிவிட்டது. இனி எவ்வளவு அழுத்தினாலும் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி படியாது. எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, இடுக்கியில் பிடித்துக் காஸ் அடுப்பில் காட்டினார். மனைவி பக்கத்தில் நின்று பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம்... போதும், எடுங்க. அதிகமானா உருகிடும்."

தண்ணீரில் போட்டபோது சின்னதாக ஒரு 'சுர்'. மேலே படிந்த கறுப்பை உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். இந்த முறை சின்ன ஸ்பேனர்; மணிக்கட்டு பலம் மட்டும். அந்தக் கறுப்புக் கோடு திரும்ப வரவில்லை.

ஆனால் தரை முழுசாகக் காயவில்லை. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து வண்டிக்கு அடியில் விரித்து, ஒவ்வொரு சொட்டையும் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி போட்டார். தபால் ஆபீஸ் பழக்கம். வளைந்த செயின் மூடியைக் கழற்றக் கால் வைக்கும் கம்பி, பிரேக் பெடல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியிருந்தது. லேத் பட்டறையில் மூடியைச் சமப்படுத்திக் கொடுத்தார்கள், கழன்ற ஸ்டட்டுக்கும் புது மரை போட்டார்கள். ராக்கர் மூடியின் பழைய பேக்கிங்கை பிளேடால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகும் என்று பட்டறைக்காரர் எச்சரித்தார். ஏ.டி.எம். கார்டு ஒன்று காலாவதியாகிக் கிடந்தது. அதை வைத்து ஒரு மாலை முழுக்கச் சுரண்டினார். புது பேக்கிங், புது ரப்பர் வளையம்.

அப்படியும் சிலிண்டரின் அடிப்பகுதியைச் சுற்றிப் பவுடர் கறுத்தது. ஒரு மூட்டு இல்லை, எல்லா மூட்டும் லேசாகக் கசிந்தது.

நான்காவது வாரம் ஒரு மதியம் சாதம் வைத்தார். குக்கரில் விசில் வரவில்லை. மூடியின் ஓரத்தில் நாலு பக்கமும் ஆவி புஸ்புஸ்ஸென்று வந்தது.

"கேஸ்கெட் போயிடுச்சு. போய் வாங்கிட்டு வரேன்."

"கேஸ்கெட் போன மாசம்தான் மாத்துனேன். முதல்ல அடுப்பை அணைங்க. ஆறினதும் வெயிட் போடுற ஓட்டையைப் பாருங்க."

கஞ்சி காய்ந்து அடைத்திருந்தது. "மேல போக வழியில்லைன்னா அது கிடைச்ச பக்கம்தானே வரும்" என்றார் மனைவி, தட்டை நகர்த்தியபடி.

அவர் குக்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே போர்டிகோவுக்குப் போனார்.

இன்ஜினுக்கும் ஒரு மூச்சுக்குழாய் உண்டு. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் அதற்கு அடியில் இருக்கும் காற்றை அமுக்குகிறது. 346 சி.சி. இன்ஜினில் ஒரு இறக்கத்துக்கு ஏறக்குறைய அவ்வளவு காற்று இடம்பெயர வேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 2,000 தடவை. அந்தக் காற்று வெளியே போகத்தான் கிராங்க்கேஸிலிருந்து ஒரு குழாய். அதன் முனையில் வாத்தின் அலகு மாதிரி தட்டையான ஒரு ரப்பர். உள்ளேயிருந்து காற்று வந்தால் அலகு திறக்கும், வெளிக்காற்று உள்ளே போகப் பார்த்தால் மூடிக்கொள்ளும். வெயிலிலும் எண்ணெயிலும் கிடந்து அந்த ரப்பர் கல்லாகியிருந்தது. இரண்டு உதடும் அழுக்கோடு ஒட்டிப்போயிருந்தன. போக வழியில்லாத காற்று, கேஸ்கெட் கேஸ்கெட்டாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது.

புது ரப்பர் ஒரு சின்னச் சாமான். மாட்டியபின் கசிவு பாதிக்கு மேல் நின்றுபோனது.

மிச்சம் இருந்ததற்கும் காரணத்தை மனைவிதான் சொன்னார், அதுவும் அட்டையைப் பார்க்காமலேயே.

"திங்கள், செவ்வாய்ல அதிகமா இருக்கும். வெள்ளி, சனியில குறைஞ்சிடும். எப்பவுமே அப்படித்தான். ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஆயில் ஊற்றுவார். வாரம் முழுக்கச் சும்மா நிற்கிற வண்டியைக் காலையில் துடைத்து, எண்ணெய் மூடியைத் திறந்து கம்பியில் அளவு பார்ப்பார். குறைந்திருக்கும். வண்டியின் மேல் இருக்கும் பிரியத்தில் தாராளமாக ஊற்றுவார்.

இந்த இன்ஜினில் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது. இன்ஜின் கூட்டுக்குள்ளேயே பின்பக்கம் ஓர் அறை, சுமார் இரண்டேகால் லிட்டர் பிடிக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால், எண்ணெய் பம்ப் வழியாக மெல்ல நழுவி கிராங்க் சுற்றும் பக்கம் இறங்கிவிடும். அளவுக் கம்பி இருப்பது அறையின் பக்கம், எனவே குறைவாகக் காட்டும். எண்ணெய் எங்கேயும் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. அது தெரியாமல் மேலும் ஊற்றி ஸ்டார்ட் செய்தால், பம்ப் இறங்கிய எண்ணெயைத் திருப்பி அனுப்பும். அறை நிரம்பி வழியும். மிச்சமெல்லாம் மூச்சுக்குழாய் வழியாகத் தரைக்கு வரும். சில சமயம் பின் டயருக்கும் போகும், அது இன்னும் ஆபத்து. வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, அதன் பிறகு அளவு பார்க்க வேண்டும். அந்த ஞாயிறு அப்படிப் பார்த்தார். கம்பியின் மேல் கோட்டையும் தாண்டி இருந்தது.

அதிகப்படி எண்ணெயைக் கேனில் வடித்தார். சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் சேர்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்தார். திரும்பி வந்து வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். பத்து வருடமாக வாரம் தவறாமல் தானே ஊற்றி, தானே ஒழுகவிட்டு, இன்னொருத்தரைத் துடைக்க வைத்திருக்கிறார்.

"திங்கள், செவ்வாய்னு உனக்குத் தெரிஞ்சிருக்கே. ஏன் சொல்லலை?"

"ஒரு தடவை சொன்னேன். 'வண்டி விஷயம் உனக்கென்ன தெரியும்'னீங்க."

அவருக்கு ஞாபகமில்லை. சொல்லியிருப்பார்தான். பதில் பேசாமல் உள்ளே போய் இரண்டு டம்ளரில் காபி கொண்டு வந்தார். ஆறு வாரத்தில் அவர் காபி குடிக்கிற மாதிரி ஆகியிருந்தது.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள் இருவருமே ஐந்தரைக்கு எழுந்தார்கள். அவர் வாசல் தெளித்தார். மனைவி கோலப்பொடியை எடுத்தார். மணிக்கட்டு இன்னும் சரியாகத் திரும்பவில்லை. ஐந்து புள்ளிக் கோலத்தில் ஒரு வளைவு நெளிந்து போயிற்று. அழிக்காமல் விட்டுவிட்டார்.

அவர் வண்டிக்கு அடியிலிருந்து அட்டையை இழுத்து வந்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். ஒன்பது நாளில் ஒரே ஒரு வட்டம், நாலணா அளவு.

"இது கியர்பாக்ஸ் பக்கம்னு நினைக்கிறேன். நாளைக்குப் பவுடர் போட்டுப் பார்க்கணும்."

"நினைக்காதீங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க" என்றார் மனைவி. பிறகு கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார். "அப்பா பட்டறை இருந்த தெருவைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு! ஒரு நாள் கும்பகோணம் போயிட்டு வரலாமா?"

"போலாமே. தொண்ணூறு கிலோமீட்டர்தான். இப்ப வண்டி நல்லா இருக்கு..."

"பஸ்ல" என்றார் மனைவி.

"பஸ்லேயே போலாம்" என்றார் அவர்.